நாற்பது பேர் வேண்டும்

லிண்டால், அயோவா
டிசம்பர் 4, 1988

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். நீயும் மார்லிஸ் அண்ணியும் நலம்தானா? மூன்று நாளில் மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் அண்ணிதான் எடுத்தார்கள். “அவர் மாட்டுக்கொட்டகையில இருக்கார், ஆரின்” என்றார்கள். நீ குடிபோயிருக்கும் உன் மாமனார் பண்ணையில் மாடுகளை விற்று ஆறு வருஷம் ஆகிறது. காலிக் கொட்டகையில் மூன்று நாளாக என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை. என்னோடு பேசமாட்டாய் என்பது புரிந்தது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் இடத்தில் என்னைத் தலைமைக் கோச்சாகப் போட்டார்கள் என்பதை நீ என் வாயால் கேட்டிருக்க வேண்டும். கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, பாதி முடி வெட்டிய நிலையில், முடிவெட்டுகிறவர் சொல்லிக் கேட்டாய். அன்று சாயங்காலம் இங்கே நீ இருந்த வீட்டு வாசல் வரை வந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. திரும்பிப் போய்விட்டேன். கோழைத்தனம்தான்.

இப்போது வேலை விஷயம். கல்லூரித் தலைவர் டாக்டர் ஸ்டென்சன் அம்மாள் என்னை உட்கார வைத்துத் தெளிவாகச் சொல்லிவிட்டார். “எண்ணூறு பேர் படிக்கிற கல்லூரி இது, மிஸ்டர் ட்வெய்ட். ஃபுட்பால், ஃபீஸ் கட்டற பையன்களைக் கூட்டிட்டு வரணும், இல்லேன்னா எனக்கு அது எதுக்கு? ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி நாற்பது புதுப் பையன்க பெட்டி படுக்கையோட வந்து இறங்கணும். முப்பத்தொன்பது வந்தாலும் மூடிடுவேன்.” அறங்காவலர்கள் தீர்மானமே போட்டுவிட்டார்களாம். போன வருஷம் நமக்கு வந்தது பத்தொன்பது.

ஹெல்மெட் அறுபத்திரண்டையும் நம் சாமான் அறை ஆர்லோ எண்ணிக் கட்டி, பழுது பார்க்க அனுப்பிவிட்டான். பையன்கள் காலை ஆறு மணிக்கு எடை தூக்க வருகிறார்கள், பழைய பால்பண்ணைக் கட்டடத்தில் கொதிகலன் மறுபடியும் மண்டையைப் போட்டதால் கையுறை போட்டுக்கொண்டுதான் தூக்குகிறார்கள். உன் மேஜையைக் காலி செய்தபோது பச்சைப் பெட்டியையும் எடுத்துப் போய்விட்டாய். பதினேழு வருஷத்து அட்டைகள். எந்த ஊர்ப் பள்ளியில் எந்தக் கோச், எந்தப் பையன், எந்தப் பண்ணைக்கு எந்த வழி என்று நீ எழுதி வைத்தது. அது இல்லாமல் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறேன். தயவுசெய்து அனுப்பு.

ஆரின்

*

தெற்கு டகோட்டா
டிசம்பர் 15, 1988

தலைமைக் கோச் ஆரின் ட்வெய்ட் அவர்களுக்கு,

வாழ்த்துகள். பட்டம் எப்படி இருக்கிறது, தலைக்குப் பொருந்துகிறதா?

உன்னைக் கல்லூரியில் சேர்த்துவிட்டவன் யார்? ஆர்லோவா? உனக்குப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை போனபோது, “என் தம்பிக்குத் தடுப்பாட்டம் சொல்லித் தர வரும்” என்று பழைய தலைவரிடம் பொய் சொன்னவன் யார்? உனக்கு வராது அப்போது. ஒரு மண்ணும் வராது. நான் சொல்லித் தந்தேன். அந்த அம்மாள் கேட்டதும், ஒரு ராத்திரி யோசிச்சுச் சொல்றேன் என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் தலையாட்டினாயாம்.

பெட்டி என்னுடையது. அதில் இருக்கும் ஒவ்வொரு அட்டைக்கும் நான் ஒரு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். பையனிடம் பேசுவதற்கு முன்னால் அம்மாவிடம் பேச வேண்டும், இரண்டாவது துண்டு காபி கேக்கை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, பன்றிக்குத் தீவனம் வைக்கும் நேரத்தில் போன் செய்யக்கூடாது. இதெல்லாம் கல்லூரிச் சொத்து இல்லை. என் வயிறும் என் காரும் உழைத்தது. உனக்கு வேண்டுமென்றால் நீ போய்ச் சாப்பிடு.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நான் கேட்டதாகச் சொல்லவில்லை.

வெர்லின்

*

லிண்டால்
பிப்ரவரி 28, 1989

அண்ணா,

சிரிப்பதற்கு உனக்கு ஒரு செய்தி அனுப்புகிறேன். எப்படியும் ஆர்லோ சொல்லிவிடுவான், அதற்கு நானே சொல்கிறேன்.

பள்ளிப் பையன்கள் கல்லூரியைப் பார்க்க வரும் சனிக்கிழமையை இந்த வருஷம் நான் குறித்தேன். சாப்பாட்டுக் கூடம் காலியாக இருந்த ஒரே சனிக்கிழமை பிப்ரவரி இருபத்தைந்து. முப்பத்தாறு பேருக்குக் கையெழுத்துப் போட்டு அழைப்பு அனுப்பினேன். ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவன் பந்தை உதைக்க மட்டும் வருகிற, யார்மேலும் மோதாத ஒட்டடைக்குச்சி. இன்னொருவன் இசைக்குழுவில் டிரம் அடிக்க வந்தவன், கட்டடம் மாறி வந்துவிட்டான். மற்றவர்கள் எங்கே என்று நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆர்லோ என் பக்கத்தில் வந்து நின்று, “கோச், இன்னைக்குப் பள்ளிக்கூடங்களோட ஸ்டேட் மல்யுத்தப் போட்டி” என்றான்.

அயோவாவில் முன்வரிசையில் நின்று மோதுகிற எல்லாப் பையனும் குளிர்காலத்தில் மல்யுத்தம் செய்கிறவன். செய்யாதவன் பார்க்கப் போகிறவன். அவன் அப்பா, மாமா, அவன் ஊர்ப் பாதிரியார் எல்லோரும் தலைநகரத்தில்தான் இருந்தார்கள். நாற்பது கோழி சுட்டு வைத்திருந்தோம். டிரம் அடிக்கிறவன் நன்றாகச் சாப்பிட்டான்.

பதினோரு வருஷமாகத் தேதியை நீ குறிப்பாய், நான் நாற்காலி எடுத்துப் போடுவேன். எதற்காக அந்தத் தேதி என்று நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. உன் பெட்டியில் முதல் அட்டையிலேயே அது எழுதியிருக்கும். நான் அவமானப்பட்டது எனக்குப் பெரிதில்லை. இன்றைக்கு என் கையில் உறுதியாக இருப்பது ஒன்பது பேர். மார்ச் பிறக்கப் போகிறது. கோபம் என்மேல் இருக்கட்டும், கல்லூரிப் பையன்கள் என்ன செய்தார்கள் உனக்கு? இந்த ஆட்டம் நின்றுபோனால் இப்போது காலை ஆறு மணிக்கு எழுந்து வருகிற நாற்பத்தேழு பேருக்கு வேறு எங்கே இடம்?

பெட்டியை அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

ஆரின்

*

தெற்கு டகோட்டா
மார்ச் 8, 1989

டேய்,

உன் கடிதத்தை மார்லிஸுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். டிரம் அடிக்கிறவன் வரும் இடத்தில் இருமல் வந்து தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது. அயோவாவில் பிறந்து வளர்ந்த ஒருவன் ஸ்டேட் மல்யுத்த சனிக்கிழமையில் ஃபுட்பால் பையன்களை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறான். கிறிஸ்துமஸ் அன்று திருமணம் வைத்துப் பாதிரியாரைத் தேடுகிறவன்கூட உன்னைவிடத் தேவலை.

பெட்டி கேட்டாய். பெட்டி இருக்கிறது. அட்டைகள் இல்லை. அயோவாவைப் போன வாரம் திங்கட்கிழமை அடுப்பில் போட்டேன், மின்னசோட்டாவைச் செவ்வாய்க்கிழமை, நெப்ராஸ்காவைப் புதன்கிழமை. நன்றாக எரிந்தது. மார்லிஸ் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. எனக்கு வருத்தமில்லை.

நாற்பத்தேழு பையன்களைக் காட்டி என்னை அழவைக்கப் பார்க்காதே. அவர்களைக் கூட்டி வந்தவன் நான். இரண்டு ஆட்டம் ஜெயித்து எட்டு ஆட்டம் தோற்றதற்காக யாரையும் வேலையை விட்டுத் தூக்கவில்லை இந்தக் கல்லூரி, ஒருபோதும். என்னை மட்டும் ஏன்? யாரோ அந்த அம்மாளிடம் போய் என்னைப்பற்றி ஏதோ ஓதியிருக்கிறார்கள். நீ இப்போது அவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறாய். யார் என்று கண்டுபிடித்துச் சொல். அதைச் செய்தால், மனதில் இருக்கும் அட்டைகளைத் திரும்ப எழுதித் தருவதைப்பற்றி யோசிக்கிறேன்.

வெர்லின்

*

லிண்டால்
மார்ச் 14, 1989

அண்ணா,

யார் என்று கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நான்தான்.

இதை நவம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும். உன் வாசல் வரை வந்தது இதைச் சொல்லத்தான். இப்போது சொல்கிறேன், முழுதாகப் படி, பாதியில் அடுப்பில் போடாதே.

கடைசி ஆட்டம். இரண்டாவது கால் பகுதியில் லோரன் க்ரூக் தலையில் அடி வாங்கினான். எழுந்தான். எழுந்து, அடுத்த ஆட்டம் பேச எதிரணி கூடி நின்ற வட்டத்துக்குள் போய்க் குனிந்து நின்றான். அவர்கள் சிரித்துக்கொண்டே நம் பக்கம் தள்ளிவிட்டார்கள். நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். இடைவேளையில் உன்னிடம் வந்தேன்.

“அண்ணா, லோரனை உட்கார வை. எந்த ஊர்ல ஆடறோம்னு கேட்டா ஊர் பேரு தெரியலை அவனுக்கு.”

“ஊர் பேரை வெச்சுக்கிட்டு என்னடா பண்ணப் போறான்? ஐஸ் வை.”

“கண்ணு ஒரு இடத்துல நிக்கலை, அண்ணா.”

“பயமா இருந்தா நீ போய் உட்காரு. அவன் ஆடுவான்.”

எல்லாப் பையன்கள் முன்னாலும் சொன்னாய். லோரன் அதைக் கேட்டு எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான், உன்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். நாம் அப்போது முப்பத்துநாலுக்கு ஆறு. இருபத்தெட்டுப் புள்ளி பின்னால். எதை ஜெயிப்பதற்கு அவன் தேவைப்பட்டான் என்று நான்கு மாதமாக யோசிக்கிறேன், அண்ணா. எனக்கு விளங்கவில்லை. மூன்றாவது கால் பகுதியில் மறுபடி அடிபட்டு விழுந்தான், ஆம்புலன்ஸ் புல்லின்மேல் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தேன். தங்கையைப் பார்த்து “நீங்க யாரு?” என்று மரியாதையாகக் கேட்டான். அந்தப் பெண் ஓடி வெளியே போய்விட்டாள். அங்கிருந்து நேராக டாக்டர் ஸ்டென்சனிடம் போனேன். பார்த்ததைச் சொன்னேன். கேட்டதையும் சொன்னேன். வேலையை நான் கேட்கவில்லை. கொடுத்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

என்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ போய் உட்காரு என்றாய், நான் போய் உட்கார்ந்துவிட்டேன். அவன் ஹெல்மெட்டைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். பதினோரு வருஷம் உன் வாயைப் பார்த்தே பழகிவிட்டேன். ஆனால் இத்தனை கடிதத்தில் நீ வேலையைப்பற்றிக் கேட்டாய், பெட்டியைப்பற்றிச் சொன்னாய், யார் ஓதியது என்று கேட்டாய். லோரன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி கேட்கவில்லை.

ஆரின்

*

மார்ச் 21, 1989

அடிபட்டு ஆடாதவன் எவன்? நான் உடைந்த கையோடு ஆடியிருக்கிறேன். நம் அப்பா அதைப் பார்த்துக் கைதட்டினார், நீயும் பக்கத்தில் நின்று தட்டினாய். தலைக்குள் மணி அடிக்கும், இரண்டு நாளில் நின்றுவிடும். எல்லோருக்கும் அப்படித்தான். அவனுக்கு வேறாகப் போனது என் குற்றமா?

என் சோற்றைத் தின்று என் முதுகில் குத்தினாய். மார்லிஸ் உனக்குப் பரிந்து பேசினாள், அவளையும் அதட்டிவிட்டேன். இனி எழுதாதே.

வெர்லின்

*

லிண்டால்
மே 22, 1989

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

ஏப்ரல் பயிற்சி முடிந்தது. பழைய வழக்கப்படி முதல் நாள் வட்டமாக நின்று நடுவில் ஒருவனை விட்டு ஆளாளுக்கு மோதுவோமே, அதை எடுத்துவிட்டேன். கடைசி வருஷப் பையன்கள் முணுமுணுத்தார்கள். “எங்களுக்கு மட்டும் நடந்துச்சே, கோச்” என்றான் ஒருவன். அதனால்தான் எடுத்தேன் என்றேன். மைதானத்தின் வடக்கு மூலையில் மறுபடி புல் விதைத்திருக்கிறோம், மறுபடி வாத்துகள் வந்து தின்கின்றன.

ஆர்லோவின் பழைய டிரக்கில் நானூறு சமையலறை ஏறி இறங்கினேன் என்று சொன்னால் பொய், நாற்பத்தாறு. ஏழு கிலோ ஏறியிருக்கிறேன். இரண்டாவது துண்டு கேக் விஷயம் உண்மைதான். இருபத்தேழு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு முறையும் க்ரூக் பண்ணை வழியாகத்தான் திரும்பினேன். லோரன் படிப்பை விட்டுவிட்டான். எழுத்து நகர்கிறது என்கிறான். வெயிலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் நிற்க முடியவில்லை. அப்பா பன்றிகளை எண்ணச் சொன்னால் பன்னிரண்டு வரை போகிறான், பிறகு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறான். தங்கையை இப்போது தெரிகிறது. என்னையும் தெரிந்தது. “வெர்லின் கோச் எப்படி இருக்கார்? என்மேல கோபமா இருக்காரா? கடைசி வரைக்கும் ஆட முடியலையே” என்றான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீ சொல்.

ஒருமுறை போய் அவனைப் பார்த்துவிட்டு வா. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

ஆரின்

*

தெற்கு டகோட்டா
ஜூலை 9, 1989

தம்பி ஆரினுக்கு,

வேலைப் பேச்சு மட்டும் பேசுவோம்.

உன் கையில் முப்பத்துமூன்று பேர் என்று ஆர்லோ சொன்னான். உனக்கு ஏழு பேர் குறைகிறார்கள், நாள் நாற்பது இருக்கிறது. ஜூன் மாதம் முழுக்க நான் சும்மா இருக்கவில்லை. அட்டையை எரித்தாலும் மண்டைக்குள் இருப்பது எரியவில்லை. வடக்கு அயோவாவில் ஒரு சுற்று, மின்னசோட்டாவில் ஒரு சுற்று போய்வந்தேன். ஒன்பது பேர். எல்லாம் முன்வரிசை, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற பையன்கள். அப்பன்மார்கள் எனக்குக் கை கொடுத்திருக்கிறார்கள். “வெர்லின், நீ அங்க இருந்தா அனுப்பறோம்” என்றார்கள்.

ஆகவே நான் அங்கே இருக்க வேண்டும். தலைமை உன்னுடையதாகவே இருக்கட்டும், எனக்குப் பட்டம் வேண்டாம், சம்பளம் வேண்டாம். முன்வரிசையை மட்டும் என்னிடம் விடு. முப்பத்துமூன்றும் ஒன்பதும் நாற்பத்திரண்டு. அந்த அம்மாள் வாயை மூடிக்கொள்வாள். பதினேழு வருஷம் நான் கட்டியதும் நிற்கும், உன் வேலையும் நிற்கும்.

மார்லிஸ் பீச் பழம் ஊறவைத்திருக்கிறாள். சரி என்று ஒரு வார்த்தை எழுது, வரும்போது நாலு பாட்டில் கொண்டுவருகிறேன்.

வெர்லின்

*

லிண்டால்
ஜூலை 15, 1989

அண்ணா,

முடியாது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன், லோரன் பெயர் எங்காவது இருக்கிறதா என்று. கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். ஜூன் மாதம் முழுக்க வடக்கு அயோவாவைச் சுற்றினாய் என்கிறாய். க்ரூக் பண்ணை அந்தச் சாலையில்தான் இருக்கிறது. இரண்டு முறையாவது அதைக் கடந்திருப்பாய்.

உன்னைப்போல் முன்வரிசை சொல்லித்தர இந்த நான்கு மாநிலத்தில் ஆள் இல்லை. அது எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது. நீ “ஆடுவான்” என்றால் பையன் எழுந்துவிடுகிறான். அந்த ஒன்பது பேரில் ஒருவனுக்கு அடிபட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் மார்ச்சில் நீயே எழுதி அனுப்பிவிட்டாய்.

இன்னொன்று. உன் பெயரைச் சொல்லி நீ வாக்கு வாங்கிய அந்த ஒன்பது வீடுகளுக்கும், கல்லூரிக்கு வந்த விண்ணப்பங்களில் முகவரி பார்த்து இன்று எழுதிவிட்டேன். வெர்லின் ட்வெய்ட் இங்கே இருக்கமாட்டார், காரணம் இது என்று லோரனைப்பற்றி எழுதினேன். க்ரூக் குடும்பத்தைக் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன். நான் உட்கார்ந்துவிட்டதையும் எழுதினேன். அதற்குமேல் அவர்கள் இஷ்டம்.

ஆரின்

*

ஜூலை 22, 1989

ஒன்பது வீட்டில் என் பெயரை நாறடித்துவிட்டாய். நாலு பேர் போன் செய்து கேட்டார்கள். என்ன பதில் சொல்வது? போனைக் கொட்டகைக்குப் பின்னால் தூக்கி எறியலாம் போல இருக்கிறது.

ஒரு “சரி”யில் முடிந்திருக்கும். ஃபுட்பால் அங்கே செத்தால் கொன்றது நீ. உன் நேர்மையைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்.

வெர்லின்

*

லிண்டால்
ஆகஸ்ட் 20, 1989

அண்ணா,

முப்பத்தெட்டு.

பதினெட்டாம் தேதி காலை ஏழு மணியிலிருந்து விடுதி வாசலில் நின்று எண்ணினேன். என் முப்பத்துமூன்றில் ஒருவன் இறைச்சி ஆலையில் வேலை கிடைத்து நின்றுவிட்டான். உன் ஒன்பதில் ஆறு பேர் வந்தார்கள். ஒரு பையனின் அம்மா காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கி, என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். “இவன் தலையில அடிபட்டா, நீங்க தோத்துக்கிட்டு இருந்தாலும் வெளிய எடுப்பீங்களா?” எடுப்பேன் என்றேன். “ஜெயிச்சுக்கிட்டு இருந்தா?” அதற்கும் எடுப்பேன் என்றேன். அதற்குப் பிறகுதான் டிக்கியைத் திறந்தாள்.

சாயங்காலம் ஆறு மணி வரை சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் ஸ்டென்சன் வந்தார். முப்பத்தெட்டு என்றேன். கெஞ்சினேன், அண்ணா. உன்னிடம் கெஞ்சியதைவிட அதிகமாகவே கெஞ்சினேன். தீர்மானத்தில் நாற்பது என்று இருக்கிறது என்றார். இந்த வருஷம் ஆடிக்கொள்ளலாம். நவம்பரோடு சரி. பையன்களை ஜிம்மில் உட்காரவைத்து நானே சொன்னேன். இரண்டு பேர் அழுதார்கள். ஒருவன் நாற்காலியை எட்டி உதைத்தான். ஒருவனும் பெட்டி கட்டவில்லை.

நீ சொன்னபடியே ஆகிவிட்டது. ஒரு “சரி” எழுதியிருந்தால் நின்றிருக்கும். அந்த வார்த்தையை எழுதாதவன் நான்தான், ஊர் முழுக்க அப்படித்தான் பேசுகிறது, முடிவெட்டுகிறவர் என்னிடம் வாயே திறக்கவில்லை. பதினேழு வருஷம் உன்னுடையது, பதினோரு வருஷம் என்னுடையது, இரண்டும் போயிற்று. அந்த அம்மாள்மேல், உன்மேல், மல்யுத்தச் சனிக்கிழமை குறித்த என்மேல், எல்லோர்மேலும் கோபமாக இருக்கிறது. ஆனால் மறுபடி அந்த ஜூலை வந்தாலும் முடியாது என்றுதான் எழுதுவேன்.

முதல் ஆட்டம் செப்டம்பர் ஒன்பது, மத்தியானம் ஒன்றரை மணி, நம் மைதானம். லோரனும் அவன் அப்பாவும் வருகிறார்கள். வெயில் படாத மேற்குப் பக்கம், மேலிருந்து இரண்டாவது வரிசை. அவனுக்கு இடது பக்கம் ஓர் இருக்கையை விட்டுவைக்கும்படி ஆர்லோவிடம் சொல்லியிருக்கிறேன். அவன் அப்பாவிடம் கேட்டேன், பன்றிக்குத் தீவனம் வைத்து முடித்துவிட்டு “வரட்டும்” என்றார்.

அது உன் இடம். இந்த மைதானத்தில் வேறெங்கும் உனக்கு இடமில்லை. அங்கே உட்கார்ந்து ஆட்டம் முடியும் வரை அவன் கேட்பதற்குப் பதில் சொல். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பான். ஒவ்வொரு முறையும் சொல்.

ஆரின்